மே மாசத்தையாவது விட்டு வைங்கய்யா

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும் கூட. பங்குனியில ஆரம்பிச்சு நாலு தடவை டிராஃப்ட்லயே தூங்கி, இப்பத்தான் முடியுது. ஏன் இவ்ளோ நாள் ஆச்சுங்கிற காரணமும் பதிவுக்குள்ளயே இருக்கு.

போன வாரம் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வீட்டுக்கு வந்தா, அக்கா ஒரு காகிதத்தை நீட்டினா. அவ பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தது. காஞ்சிபுரத்துல ஒரு தனியார் பள்ளி, பேர் வேண்டாம், எல்லா ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. "படிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கான கோடைக்கால சிறப்புப் பயிற்சி. மே 2 முதல் 30 வரை. காலை 9 முதல் 1 வரை. கட்டணம் ரூ.6,500." கீழே பேனாவுல "கட்டாயம்"னு எழுதி ரெண்டு கோடு வேற.

பையனுக்கு 9 வயசு. நாலாவது முடிச்சிருக்கான். ஜூன்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் எதுல தோத்துக்கிட்டே இருந்தானோ, அதையே மே மாசமும் உக்காந்து தோக்கணுமாம். அதுக்கு நாம காசு கட்டணுமாம்.

கோடை விடுமுறையில வகுப்பு நடத்தக் கூடாதுன்னு கல்வித்துறை வருஷா வருஷம் எச்சரிக்கை விடுது. பேப்பர்ல நானும் வருஷா வருஷம் படிக்கிறேன். அறிக்கை ஒரு பக்கம், ஸ்கூல் வேன் ஒரு பக்கம்.

இனி விஷயத்துக்கு வர்றேன். பையனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குன்னு போன வருஷம் சென்னையில ஒரு டாக்டர் சொன்னாங்க. வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேள்வித்தாள், நாலு தடவை போய் வந்தது, எல்லாம் முறைப்படி. "ஆரம்பிச்ச வேலையை முடிப்பதில்லை", "பொருள்களை அடிக்கடி தொலைக்கிறான்", "நேரில் பேசும்போதே கேட்காதவன் போல் இருக்கிறான்"னு ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே வந்த நான் பாதியில நிறுத்திட்டேன். இது என் கதையாச்சே! மூணு மாசம் கழிச்சு, 27 வயசுல, எனக்கும் அதே சீட்டு. ரேங்க் வாங்கி இஞ்சினியரிங் முடிச்சவனுக்கு எப்படி இருக்கும்னு கேக்காதீங்க. ஒவ்வொரு செமஸ்டரும் பரீட்சைக்கு முந்தின ராத்திரிதான் எனக்குப் புஸ்தகமே திறந்துச்சு. அதுக்கு "கெட்டிக்காரன், ஆனா சோம்பேறி"ன்னு பேர் வெச்சுட்டாங்க. நானும் நம்பிட்டேன்.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்லணும்னா, ப்ராசஸர்ல கோளாறு இல்ல, ஷெட்யூலர்லதான் கோளாறு. எந்த வேலை முக்கியம்ங்கிறதை வெச்சு வரிசை போட வேண்டிய ஷெட்யூலர், எது சுவாரசியம், எது இப்பவே தலைக்கு மேல கத்தி, எதுல உடனே பலன் தெரியும்ங்கிறதை வெச்சு வரிசை போடுது. "கவனக் குறைபாடு"ங்கிற பேரே பாதிதான் சரி. கவனம் இருக்கு, ஸ்டியரிங்தான் நம்ம கையில முழுசா இல்ல.

இதுல தான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. பையனோட கிளாஸ் மிஸ் அக்காகிட்ட சொன்ன வார்த்தை: "பிடிச்சதுன்னா மட்டும் ரெண்டு மணி நேரம் உக்கார்றானே? அப்ப இது நோயா, திமிரா?"

அவன் எதுக்கு ரெண்டு மணி நேரம் உக்கார்றான்னு சொல்றேன். பிள்ளையார்பாளையத்துல எங்க சித்தப்பா வீட்டுல இன்னும் தறி ஓடுது. புடவை டிசைனை முன்னாடியெல்லாம் கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா வரைஞ்சு, அதைப் பார்த்து அட்டை குத்தி, ஜக்கார்டு பெட்டியில கோப்பாங்க. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல போயிடுச்சு. பழைய கிராஃப் தாள் ஒரு கட்டு பரண்ல கெடந்தது. அதை எடுத்து வெச்சுக்கிட்டு யாளி, மயில், அன்னம்னு கட்டம் நிரப்பிட்டு இருக்கான். ஒரு நாள் என்கிட்ட வந்து, "மாமா, சின்ன தாத்தா பெட்டியில 240 ஹூக்கு. என் மயிலு 40 கட்டம். அப்ப ஆறு மயிலுதான் வரும், ஏழு போட்டா ஒண்ணுக்கு வால் இருக்காது"ன்னான்.

மக்களே, இவன் கணக்கு நோட்டுல வகுத்தல் பூரா சிவப்பு மை. 240ஐ 40ஆல வகுக்கத் தெரியாதவன்னு எழுதித் தந்திருக்காங்க.

இதைச் சொன்னா ஆஹா ஓஹோன்னு ஆரம்பிச்சுடாதீங்க. அவன் மேதை இல்ல. ஒன்பது வயசுப் பையன் போடக் கூடிய வகுத்தல்தான் அது. சுவாரசியம் இருக்குற இடத்துல அவனோட ஷெட்யூலர் ஒழுங்கா ஓடுது, இல்லாத இடத்துல ஓடல. அந்த வித்தியாசம்தான் வியாதியோட அடையாளமே. பிடிச்சதுல உக்கார்றதால இல்லைன்னு ஆயிடாது. கிட்டப்பார்வைக்காரனைப் பார்த்து "பக்கத்துல இருக்குற எழுத்து மட்டும் எப்படிய்யா தெரியுது, நடிக்கிறியா"ன்னு யாராவது கேப்பாங்களா?

இந்த ஊர்ல படிப்பு ஏறாத பையனுக்கு ஒரு பழைய மருந்து உண்டு. "தறியில போடு." எங்க சித்தப்பாவுக்கு அந்த மருந்துதான். ஆறாவதோட நிறுத்தி, 11 வயசுல தறிக்குழிக்குப் பக்கத்துல உக்கார வெச்சாங்க. கோர்வைப் புடவைக்கு உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கக் கூட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் எப்பவும் ஒரு பொடியன்தான். இப்ப சித்தப்பாவுக்கு 55. கரண்ட் பில் கட்ட மறந்துடுவார், செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துடுவார், பேசிக்கிட்டே இருக்கும்போது எழுந்து போயிடுவார். ஆனா தறியில ஏறினா எட்டு மணி நேரம் அசைய மாட்டார்.

ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். தறியில கையும் காலும் ஆடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு ஊடை இழையும் தட்டின அந்த நொடியே சரியா தப்பான்னு கண்ணுல தெரியுது. எவ்ளோ முடிஞ்சது, எவ்ளோ மிச்சம்னு பாவு காட்டுது. பக்கத்துல இன்னொரு ஆள் அதே வேலையில இருக்கார். ஏ.டி.எச்.டி. மண்டை ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அந்தக் குழிக்குள்ள தற்செயலா அமைஞ்சிருக்கு. வகுப்பறையில இதுல ஒண்ணு கூட இல்ல. அசையாதே, மூணு மாசம் கழிச்சு மார்க் வரும், தனியா செய், பக்கத்துல பாக்காதே. அப்படியே தலைகீழ்!

உடனே "பாத்தியா, நம்ம முன்னோர் முட்டாள் இல்ல"ன்னு யாரும் கெளம்ப வேணாம். அந்தக் குழிக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. பட்டுத் தொழில்ல கொத்தடிமைக் குழந்தைகள் பத்தி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003ல ஒரு அறிக்கை போட்டாங்க. அதுல எங்க ஊரும் இருக்கு. அப்பன் வாங்கின முன்பணத்துக்குப் பிள்ளை வட்டியா உழைச்ச ஊர் இது. சித்தப்பாவுக்கு "உனக்கு என்ன பிடிக்கும்"னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா ரேடியோ மெக்கானிக் ஆகியிருப்பேன்னு அவரே சொல்வார், சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். பலத்தைக் கண்டுபிடிச்சுப் பிள்ளையை அதுல வளர்க்கிறது ஒண்ணு. எதுல உபயோகப்படுவான்னு பார்த்து அதுல பூட்டுறது வேற ஒண்ணு. நமக்கு வேண்டியது தறியோட அமைப்பு. தறியோட கூலி இல்ல.

விடுமுறைன்னதும் நம்ம சட்டத்துக்கு என்ன ஞாபகம் வருது தெரியுமா? 2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினப்போ, ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல பள்ளி நேரம் போக மிச்ச நேரத்துலயும் விடுமுறையிலயும் பிள்ளைங்க "உதவலாம்"னு ஒரு விதிவிலக்கு வெச்சாங்க. ஆக ஏழை வீட்டுப் பிள்ளைக்கு லீவுன்னா வேலை, நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு லீவுன்னா ஸ்பெஷல் கிளாஸ். நடுவுல ஒரு பாதை இருக்குன்னே யாருக்கும் தோணல.

அந்தப் பாதையை நான் கண்டுபிடிக்கல. 1980ல அமெரிக்காவுல ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியில வில்லியம் பெல்ஹாம்னு ஒரு உளவியல் பேராசிரியர் ஏ.டி.எச்.டி. பிள்ளைங்களுக்குன்னே ஒரு கோடைக்கால முகாம் ஆரம்பிச்சார். எட்டு வாரம், வார நாள் முழுக்க. ரெண்டு மூணு மணி நேரம்தான் வகுப்பு. மிச்சம் பந்து, நீச்சல், கூட்டா விளையாடுறது. நல்லதா ஒண்ணு செஞ்சா அந்த நிமிஷமே பாயிண்ட், அடுத்த மாசம் இல்ல. பெத்தவங்களுக்குத் தனியா வாராவாரம் வகுப்பு. விளையாட்டு எதுக்குன்னா, இந்தப் பிள்ளைங்க மார்க்கை விட முதல்ல இழக்கிறது சிநேகிதங்களை. ரூல் மறந்து போய் அவுட் ஆனதும் சண்டை போடுறவனை ரெண்டாவது தடவை யாரும் சேத்துக்க மாட்டாங்க. (அனுபவம் பேசுது.)

அது சிகிச்சை முகாம். அதுக்கப்புறம் வந்தவங்க இன்னும் ஒரு படி மேல போய், குறையைச் சரி பண்றதை முதல் வேலையா வெக்காம, எங்க நல்லா ஓடுதுன்னு பார்த்து அங்கேர்ந்து ஆரம்பிச்சாங்க. வெர்மான்ட் மாநிலத்துல பட்னிங்கிற சின்ன ஊர்ல 1985ல தொடங்கின லேண்ட்மார்க் காலேஜ், இந்த மாதிரி வேற விதமா கத்துக்கிறவங்களுக்குன்னே நடக்குற காலேஜ். கோடையில ஸ்கூல் பசங்களுக்கும் நடத்துறாங்க. நம்ம சென்னையில தொண்ணூறுகளோட தொடக்கத்துலயே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் வந்தாச்சு. ஆனா அது எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுற பிள்ளைங்களுக்கான சங்கம், அதுவும் சென்னையில. காஞ்சிபுரத்துலேர்ந்து 75 கிலோமீட்டர். வாரத்துக்கு மூணு நாள் எந்த அம்மா பஸ் ஏறுவா?

இப்ப எதிர்த் தரப்பு. "பலம், ஆர்வம் எல்லாம் சரி, மாத்திரை போட்டா முடிஞ்சு போச்சே"ன்னு ஒரு கோஷ்டி. நான் மாத்திரை போடுறவன். போட்ட முதல் நாள் ஒரு முழு மெயிலை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சேன், கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மாத்திரையைப் பழிக்கிற பதிவு இல்ல இது. 1999ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு, 579 பிள்ளைங்க, 14 மாசம். அதுல பெல்ஹாமோட அந்தக் கோடை முகாமும் ஒரு சிகிச்சைப் பிரிவுக்குள்ள இருந்துச்சு. கவனம், துறுதுறுப்பு மாதிரி அடிப்படை அறிகுறிகளைக் குறைக்கிறதுல கவனமாக் கொடுத்த மாத்திரைதான் ஜெயிச்சது. ஒத்துக்கறேன். ஆனா மூணாவது வருஷம் பார்த்தப்போ பிரிவுகளுக்கு நடுவுல இருந்த அந்த வித்தியாசம் கரைஞ்சு போச்சு. மாத்திரை நாற்காலியில உக்கார வெக்கும். உக்காந்தப்புறம் எதிர்ல என்ன வெக்கிறோம்ங்கிறது நம்ம பொறுப்பு.

ரெண்டாவது கோஷ்டி இதை விட மோசம். "ஏ.டி.எச்.டி. ஒரு சூப்பர் பவர்"னு ரீல்ஸ் போட்டுக் கோர்ஸ் விக்கிறவங்க. பலத்தைப் பாருன்னா குறையே இல்லைன்னு அர்த்தமா? போன மாசம் கிரெடிட் கார்டு தேதி மறந்து நான் கட்டின அபராதத்தை அந்த சூப்பர் பவர் வந்து கட்டுமா? சில வருஷம் முன்னாடி "மிட் பிரெயின் ஆக்டிவேஷன்"னு ஒரு கூத்து ஊர் ஊரா நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? பிள்ளை கண்ணைக் கட்டிவிட்டுப் புஸ்தகம் படிக்க வெக்கிறேன்னாங்க. மூக்கோரம் இடுக்கு வழியா எட்டிப் பாக்கறதுதான் மொத்த வித்தையும். பகுத்தறிவாளர்கள் மேடையிலயே போட்டு உடைச்சாங்க. அதுக்கும் கோடை விடுமுறைதான் சீசன். ஆசைப்பட்டு ஆயிரம் ஆயிரமா கட்டினதும் இதே பெத்தவங்கதான். உண்மையான உதவி இல்லாத இடத்துல இந்தப் பூச்சாண்டிதான் கடை போடும்.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாதி"ங்கிற மூணாவது கோஷ்டிக்கு ஒரே வரி. கோயம்புத்தூர்ல நாலு பள்ளிக்கூடத்துல 6லேர்ந்து 11 வயசு வரைக்கும் 770 பிள்ளைங்களைப் பார்த்து 2013ல வெளியிட்ட ஆய்வுல 11.32 சதவீதம் வந்துச்சு. நாலு ஸ்கூலை வெச்சு நாட்டையே அளக்க முடியாது, சரி. உலக அளவுல சொல்ற சுமார் 5 சதவீதமே வெச்சுக்குங்க. 40 பேர் இருக்குற கிளாஸ்ல ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் யாருன்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். பெஞ்சு மேல நிக்கிறவங்க அவங்கதான்.

அரசாங்கம் கூத்து தனி. குழந்தைகள் உடல்நலத்துக்காக 2013ல மத்திய அரசு கொண்டு வந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல, பள்ளிக்கூடத்துக்கே வந்து பரிசோதிச்சுக் கண்டுபிடிக்க வேண்டிய 30 பிரச்சினைகள் பட்டியல் இருக்கு. அதுல ஏ.டி.எச்.டி. பேர் போட்டே இருக்கு. மூணு வருஷம் கழிச்சு, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழா இருந்த பட்டியலை 21ஆ ஆக்குச்சு. ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு, ஏ.டி.எச்.டி. இல்ல. கண்டுபிடிக்கிற லிஸ்ட்ல உண்டு, உரிமை கொடுக்குற லிஸ்ட்ல இல்ல. எங்க டீம்ல இப்படி ஒரு கோடு எழுதினா ரிவ்யூவிலேயே கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க.

என் கோவத்தோட மையம் இதுகூட இல்ல. அக்கா.

டாக்டர் அக்காகிட்ட ஒரு சார்ட் கொடுத்தாங்க. காலையில பல் தேய்ச்சா ஒரு ஸ்டார், பை அடுக்கினா ஒரு ஸ்டார், தினமும் ராத்திரி கூட்டிப் பாருங்க, வாரக் கடைசியில பரிசு கொடுங்க. அக்கா மூணு நாள் ஒட்டினா. நாலாவது நாள் ஸ்டார் பாக்கெட்டைக் காணோம். ரெண்டாவது வாரம் சார்ட்டே காணோம். அடுத்த தடவை போனப்போ "நீங்க கன்சிஸ்டென்ட்டா இருக்கணும்மா"ன்னாங்க. பஸ்ல வர்ற வழி பூரா அக்கா ஒண்ணும் பேசல. வாலாஜாபாத் தாண்டினப்புறம், "டேய், அந்த கேள்வித்தாளை நான் எனக்குப் போட்டுப் பார்த்தேன்டா"ன்னா.

அக்கா சின்ன வயசுல துறுதுறு எல்லாம் கிடையாது. ஜன்னலைப் பார்த்து உக்காந்திருப்பா. பால் பொங்கி வழியும், அவ பக்கத்துலயே நிப்பா. "கனவு காணுறவ"ன்னு அம்மா தலையில குட்டுவாங்க. ஓடுற பையன் கண்ணுல படுவான், உக்காந்து கனவு காணுற பொண்ணு யார் கண்ணுலயும் பட மாட்டா. இது பெரும்பாலும் மரபுல வர்றது, நாலுல மூணு பங்கு மரபுதான்னு இரட்டைக் குழந்தைகள் ஆய்வுகள் சொல்லுது. அப்படின்னா பிள்ளைக்கு இருந்தா பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருக்க நிறைய வாய்ப்பு. அந்த ஒருத்தர் கையிலயே சார்ட்டைக் கொடுத்து ஒழுங்கா ஒட்டுன்னு சொல்றது, நொண்டிகிட்ட இன்னொரு நொண்டியைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுன்னு சொல்ற மாதிரி. ஓடலைன்னதும் "நல்ல அம்மா இல்ல"ன்னு முத்திரை வேற.

அதனாலதான் சொல்றேன், பிள்ளைக்கு மட்டும் முகாம் போட்டா பத்தாது. பெரியவங்களும் கூட உக்காரணும். பாடம் கேக்க இல்ல, கூடக் கத்துக்க. பையன் தன்னோட பையை எப்படி அடுக்கினா மறக்காதுன்னு கண்டுபிடிக்கும்போது, அக்கா தன்னோட அடுக்களைக்கு அதையே கண்டுபிடிக்கணும். நான் என்னோட மெயில் பெட்டிக்குக் கண்டுபிடிக்கணும். மூணு பேரும் ஒரே மேஜையில.

பள்ளிக்கூடத்துக்கு நேர்ல போய்ச் சொல்லிட்டேன், வரமாட்டான்னு. "அப்ப அஞ்சாவதுல கஷ்டப்பட்டா எங்களைக் கேக்காதீங்க"ன்னாங்க. நாலாவதுலயும் கேட்டு ஒண்ணும் ஆகலையேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அக்கா கையை அழுத்தினா, விட்டுட்டேன்.

மே முதல் வாரத்துலேர்ந்து சித்தப்பா வீட்டுத் திண்ணையில ஆரம்பிக்கிறோம். காலையில ரெண்டு மணி நேரம்தான், வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். முதல் அரை மணி சர்வதீர்த்தக் குளத்தைச் சுத்தி ஓட்டம். அப்புறம் 20 நிமிஷம் வேலை, 10 நிமிஷம் ஆட்டம். கிராஃப் தாள்லேர்ந்து பெருக்கல் வகுத்தல். கைலாசநாதர் கோயில் யாளிகளை வரைஞ்சு, அதைப் பத்தி அஞ்சு வரி எழுதுறது. எழுத்துப் பிழைக்கு அன்னிக்கு சிவப்பு மை கிடையாது. சித்தப்பா ஜக்கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுவார். ஓட்டை இருந்தா இழை ஏறும், இல்லைன்னா ஏறாது. நான் அங்கேர்ந்து கம்ப்யூட்டருக்குத் தாவிடுவேன். தறியில எந்தப் பொடியனும் உக்கார மாட்டான், அது சித்தப்பா போட்ட ரூல். பெரியவங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம்.

நான் மனநல நிபுணர் இல்ல, வெறும் பொட்டி தட்டுறவன். அதனால தெரிஞ்ச ஒரு சைக்காலஜிஸ்ட் அக்கா வாரம் ஒரு தடவை செங்கல்பட்டுலேர்ந்து வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. இதுவரைக்கும் ஆறு பிள்ளைங்க, நாலு பெரியவங்க. பெரியவங்கள்ல ஒருத்தர், சொன்னா நம்ப மாட்டீங்க, வேற ஒரு பள்ளிக்கூடத்து கணக்கு டீச்சர்.

திண்ணை பத்தாது போல இருக்கு. காஞ்சிபுரத்துல, பெரிய காஞ்சிபுரம் பக்கம், காலையில ரெண்டு மணி நேரம் சும்மா கெடக்குற ஹாலோ மொட்டை மாடிக் கொட்டகையோ யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. ஃபேன் இருந்தா நல்லது. ஒரு செவுரு எழுதி அழிக்கிற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது. பதில் போட நான் மறந்துட்டா கோவிச்சுக்காம இன்னொரு தடவை போடுங்க.